ஃபாஸ்ட்டா, குவிக்கா, ராபிட்டா? சேலத்து டீச்சர் பதில்கள்

வேகத்தைச் சொல்லும் இங்கிலீஷ் சொற்களைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தோம். பதில் சொல்பவர் சேலத்தில் இங்கிலீஷ் நடத்தி ஓய்வுபெற்ற டீச்சர். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நீக்கவில்லை, டீச்சரின் கோபத்தையும் நீக்கவில்லை.

ஃபாஸ்ட், குவிக் ரெண்டும் ஒண்ணுதானுங்களே டீச்சர்? மாத்திப் போட்டா என்ன? (குகை)

சில இடத்தில் ஒன்றும் ஆகாது. பல இடத்தில் காதுக்கு உறுத்தும். ஃபாஸ்ட் என்பது ஓட்டத்தைச் சொல்வது, குவிக் என்பது பிடிக்கிற நேரத்தைச் சொல்வது. ஐந்து ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி, நின்றபடியே ஒரு தட்டுவடை செட்டைத் தின்றுவிட்டுக் கிளம்பினால் அது 'குவிக் ஸ்நாக்'. அதை 'ஃபாஸ்ட் ஸ்நாக்' என்று யாரும் சொல்வதில்லை. 'ஃபாஸ்ட் ஃபுட்' என்பது ஒருவகைச் சாப்பாட்டுக்கு நிலைத்துவிட்ட பெயர், அதை வைத்து வாதாட வராதீர்கள். கார், ரயில், ஓட்டக்காரர் எல்லாம் ஃபாஸ்ட். குளியல், பார்வை, சின்னக் கேள்வி எல்லாம் குவிக். ராபிட் என்பது மாற்றத்துக்கும் துடிப்புக்கும் உரியது: ஊர் வளர்ந்தால் 'ராபிட் க்ரோத்', நாடி படபடத்தால் 'ராபிட் பல்ஸ்'. 'ராபிட் கார்' வேண்டாம்.

கேட்காவிட்டாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 'ஸ்பீடு'க்கு முன்னால் ஃபாஸ்ட் போடாதீர்கள். கார் ஃபாஸ்ட், அதன் ஸ்பீடு 'ஹை'. வேகம் என்பது ஓர் அளவு. அளவு கூடும், குறையும், ஓடாது.

ஸ்லோவுக்கு ஸ்லோலி இருக்கு. ஃபாஸ்ட்டுக்கு ஃபாஸ்ட்லி வருங்களா? குரூப் தேர்வுக்குப் படிக்கிறேன். (ஆத்தூர்)

வராது. ஃபாஸ்ட் ஒன்றே இரண்டு வேலையும் பார்க்கும்: 'எ ஃபாஸ்ட் ரன்னர்', 'ஷீ ரன்ஸ் ஃபாஸ்ட்'. 'லி' இல்லாமல் மனசு ஆறாது என்றால் குவிக்லி எழுதுங்கள். ஹார்டும் இந்த ஜாதிதான். அதற்கு 'லி' சேர்த்தால் பொருளே கவிழ்ந்துவிடும். 'ஹி ஹார்ட்லி ஒர்க்ஸ்' என்றால் ஆள் வேலையே செய்வதில்லை என்று அர்த்தம்.

மலைப்பாதை போர்டுல 'ட்ரைவ் ஸ்லோ', 'டெட் ஸ்லோ'ன்னு எழுதறாங்களே, தப்பில்லையா? (ஏற்காடு)

தப்பில்லை. ட்ரைவ், கோ போன்ற வினைகளுக்குப் பின்னால் ஸ்லோ தனியாகவே நிற்கும். 20 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில் போர்டு கண்ணில் சட்டென்று பட வேண்டும், அங்கே 'லி' எதற்கு? 'டெட்' என்பதற்கு இங்கே 'முழுக்க' என்று பொருள். ஆனால் வினைக்கு முன்னால் வந்தால் ஸ்லோலி மட்டும்தான்: 'ஹி ஸ்லோலி ஓப்பன்ட் த டோர்'.

சூப்பர்ஃபாஸ்ட்டுன்னா எவ்வளவு ஃபாஸ்ட்? (சூரமங்கலம்)

அது ரயில்வே கணக்கு, என் பாடம் அல்ல. அகலப்பாதையில் சராசரி மணிக்கு 55 கிலோமீட்டரைத் தொட்டால் அந்தப் பட்டம் கிடைக்கும். நம் ஏற்காடு எக்ஸ்பிரஸும் அந்த வகைதான். பேரில்தான் ஏற்காடு இருக்கிறது, மலை ஏறுவதெல்லாம் கிடையாது.

குவிக் நேரத்துக்குன்னீங்க. கமெண்டரியில 'குவிக் பவுலர்'ங்கறாங்களே? (ஓமலூர்)

நல்ல கேள்வி கண்ணு. கிரிக்கெட்டில் குவிக்கும் ஃபாஸ்ட்டும் ஒன்றாகவே புழங்குகின்றன. 'த குவிக்ஸ்' என்று பெயர்ச்சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள். 'ஸ்லோ பவுலர்' என்றால் பெரும்பாலும் சுழற்பந்துக்காரர், மெதுவாக ஓடி வருபவர் அல்ல. ஃபாஸ்ட்டுக்கும் மீடியத்துக்கும் நடுவில் இரண்டு படி உண்டு. வேகம் குறைகிற வரிசையில் ஃபாஸ்ட், ஃபாஸ்ட்-மீடியம், மீடியம்-ஃபாஸ்ட், மீடியம்.

டீச்சர், இது இடிக்குதே! 'டார்க் ப்ளூ'ன்னா ப்ளூதானே? கடைசிச் சொல்தான் தலை. அப்போ மீடியம்-ஃபாஸ்ட்தான் ஃபாஸ்ட்டில் ஒரு வகை, அதுதானே அதிக வேகமா இருக்கணும்? (அஸ்தம்பட்டி)

சபாஷ். தர்க்கம் உங்கள் பக்கம், வழக்கம் உங்களுக்கு எதிராக. கிரிக்கெட்டில் எந்தப் பக்கம் அதிகம் சாய்கிறதோ அதை முன்னால் வைத்துவிட்டார்கள். ஆட்டச் சட்டத்தில் இந்தப் பெயர்களுக்கு வரையறை கிடையாது. எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும் பழக்கிவிட்டது. சொல்லின் தலை எது என்பதைச் சாதாரண இங்கிலீஷில் தேடுங்கள், ஸ்கோர்கார்டில் தேடாதீர்கள்.

நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனை மீடியம்-ஃபாஸ்ட்டுன்னு போடறாங்க. இது அவமானம் இல்லீங்களா? (தாரமங்கலம்)

எதற்கு அவமானம்? 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் தொப்பி வாங்கிய ஆள். காலடியில் விழும் யார்க்கருக்கு வேகத்தைவிடக் குறி முக்கியம். அது வகைப்பெயர், மார்க் இல்லை.

அப்படின்னா ஃபாஸ்ட்-மீடியம்னு மாத்தச் சொல்லி... (தாரமங்கலம், மறுபடியும்)

கிரிக்கெட் போதும்.

ஃபாஸ்ட்லி சரியா மேடம்? (எடப்பாடி)

ஆத்தூருக்குச் சொன்னதுதான்.

ஃபாஸ்ட்லின்னு அமெரிக்காவுல கம்பெனியே இருக்கே! (கொண்டலாம்பட்டி)

இருக்கிறது, இணையதளங்களை நம் திரைக்குக் கொண்டுசேர்க்கிற கம்பெனி. 2021 ஜூனில் அது கொஞ்ச நேரம் படுத்ததில் உலகம் முழுக்கப் பல இணையதளங்கள் முடங்கின. பெயர் வைக்கிறவர்கள் இலக்கணம் பார்ப்பதில்லை தம்பி, தேர்வுத்தாள் திருத்துகிறவர்கள் பார்ப்பார்கள். இனி ஃபாஸ்ட்லி கேள்விக்குப் பதில் வராது.

வெள்ளிக் கொலுசு வியாபாரம். 'ப்ராம்ப்ட் பேமென்ட்', 'ஸ்பீடி டெலிவரி', 'பிரிஸ்க் சேல்ஸ்'னு மெயில் வருது. எல்லாம் வேகம்தானே? (செவ்வாய்ப்பேட்டை)

ப்ராம்ப்ட் என்றால் இழுத்தடிக்காமல் உரிய நேரத்தில் தருவது, அதில் ஓட்டம் இல்லை. ஸ்பீடி என்றால் சீக்கிரம் முடிவது. உடம்பு சரியில்லாதவருக்கு 'ஸ்பீடி ரெகவரி' என்று வாழ்த்துவதும் இதே சொல்தான். பிரிஸ்க் என்றால் சுறுசுறுப்பு: விற்பனைக்கும் வரும், காலை நடைக்கும் வரும். பதில் எழுதும்போது உங்கள் முடிவை 'ஹேஸ்டி' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். யோசிக்காமல் அவசரப்பட்டீர்கள் என்று நீங்களே ஒப்புக்கொண்டது போலாகிவிடும்.

ராபிட்டை எப்படி உச்சரிப்பது? முயலும் அப்படியே கேட்குதே. (மேட்டூர்)

வேகத்தைச் சொல்லும் ராபிட்டில் நடுவே 'அப்பா'வில் வருகிற 'ப', முயலில் 'பஸ்'ஸில் வருகிற, தொண்டை அதிர்கிற 'ப'. தமிழ் எழுத்தில் பிரித்துக் காட்ட முடியாது. அகராதிச் செயலியில் ஸ்பீக்கர் குறியை அழுத்திக் கேளுங்கள்.

சேலைச் சாயத்தை 'ஃபாஸ்ட் கலர்'ங்கறாங்க. சாயத்துக்கு என்னங்க வேகம்? (அம்மாப்பேட்டை)

இதற்காகத்தான் காத்திருந்தேன். ஃபாஸ்ட்டுக்கு ஆதிப் பொருள் உறுதி, அசையாமை. வேகம் பிறகு வந்தது. அந்தப் பழைய பொருள் இன்னும் சில இடங்களில் பிடித்துக்கொண்டிருக்கிறது: 'ஹோல்ட் ஃபாஸ்ட்' என்றால் கெட்டியாகப் பிடி; 'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்றால் அடித்துப் போட்டது போல் தூக்கம். 'ஃபாஸ்ட் கலர்' என்றால் தண்ணீரில் ஓடாத சாயம். லேபிளில் அப்படிப் போட்டிருந்தாலும் முதல் அலசலில் வெள்ளை வேட்டியோடு சேர்த்துப் போடாதீர்கள்.