வீட்டு ஆபிசுக்கு ஓர் ஆயாக் கொட்டகை

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயது. கோலாலம்பூரில் உள்ள ஒரு காப்புறுதி நிறுவனத்துக்கு, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கணவர் வீட்டில் இருந்தபடியே வேலை செய்கிறேன். மூத்தவன் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. சின்னவளுக்கு 3 வயது. கணவருக்குச் செம்பனை ஆலையில் ஷிப்ட். மாமியாருக்கு முட்டி வலி. காலை 9 மணிக்கு மீட்டிங் தொடங்கினால் சின்னவள் மடியில் ஏறி மடிக்கணினியைத் தட்டுகிறாள். 1 மணிக்குப் பெரியவன் பசியோடு வந்து நிற்கிறான். விட்டுப்போன வேலையை இரவு 12 மணி வரை உட்கார்ந்து முடிக்கிறேன். பிள்ளைகளோடு இருக்கலாம் என்றுதான் வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கு ஒப்புக்கொண்டேன். இப்போது நாள் முழுக்க அவர்களைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: இந்த மாதம் விடாதீர்கள், தங்கச்சி. நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில் யோசித்து முடிவெடுங்கள். அப்படி ஒரு காலை எப்படிக் கிடைக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நானும் சுங்கை சிப்புட்காரிதான். அம்மா டவுனுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் பெரட்டு, அதாவது ஆளைக் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது, இருட்டிலேயே நடக்கும். பெரட்டுக்குப் போகும் வழியில் என்னையும் தம்பியையும் தூக்கத்தோடு தூக்கிக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விடுவார். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், தரையில் பாய், ஒரு பெரிய கேத்தலில் கறுப்புக் காப்பி. மரம் வெட்ட உடம்பு இடம் கொடுக்காத ஒரு கிழவிதான் ஆயா. அழுகிற பிள்ளையை ஆட்டுவாள், அடம் பிடிக்கிற பிள்ளையை அதட்டுவாள். அம்மா வெட்டி முடித்து, பால் எடுத்து, தோள்கம்பில் தொங்கும் காண்டா வாளியைச் சுமந்துபோய் ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு மதியத்துக்கு மேல்தான் வருவார். அவர் சேலையில் இருந்த அந்தப் பால் வாடை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

தோட்டத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அம்மா மரத்தடியில் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் கொட்டகையைக் கட்டிக் கொடுத்தார்கள், எங்கள் மேல் இருந்த பாசத்தால் அல்ல. ஆனால் இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி நிரை பிடித்து, அதாவது மர வரிசையை எடுத்துக்கொண்டு, வெட்ட முடியாது என்பது அந்தத் தோட்டத் துரைக்குத் தெரிந்திருந்தது. கையில் பால் வெட்டும் உளிக்குப் பதிலாக மடிக்கணினி வந்ததும் நமக்கு அது மறந்துவிட்டது. வீட்டில் இருக்கிறோம், அதனால் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பிவிட்டோம். ஒரே மணி நேரத்தில் இரண்டு வேலைக்கும் ஒப்புக்கொண்டு, இரண்டிலும் திட்டு வாங்குகிறோம்.

நான் பட்ட பாட்டையும் சொல்கிறேன். சில கடைகளுக்கு வீட்டிலிருந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம். ஊழியர் சேமநிதிச் சந்தாவை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். அன்று 14ஆம் தேதி. மகனுக்குக் காய்ச்சல், மடியில் படுத்திருந்தான். ஒரு கையால் ஈரத்துணி போட்டுக்கொண்டு மறுகையால் தட்டினேன். கட்டிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கடைசிப் பட்டனை அழுத்தவே இல்லை என்று 17ஆம் தேதி தெரிந்தது. தாமதத்துக்கான தண்டத்தை என் கையிலிருந்து கொடுத்தேன். அடுத்த வாரமே பின்வரிசை வீட்டு அக்காவிடம் போய், காலையில் மூன்று மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வீர்களா, மாதம் 250 ரிங்கிட் தருகிறேன் என்று கேட்டேன். "இதுக்குப் போய் காசா?" என்றார். காசு இல்லாவிட்டால் விடமாட்டேன் என்றேன். தயவில் விட்டால் அவருக்கு ஒரு கல்யாணம், கருமாதி வரும்போதெல்லாம் நம் மீட்டிங் நின்றுவிடும். சம்பளம் கொடுத்தால் முதல் நாளே சொல்லிவிடுவார்.

ஆக, உங்களுக்கு முதலில் வேண்டியது ஓர் ஆயா. நாள் முழுக்க வேண்டாம், 9 முதல் 12.30 வரை போதும். தாஸ்கா, அதாவது குழந்தைப் பராமரிப்பு நிலையம், கிடைத்தால், சமூகநலத் துறையில் பதிவு செய்ததா என்று கேட்டுச் சேருங்கள். பதிவு பெற்ற தாஸ்காவிலோ தாடிகா என்ற பாலர் பள்ளியிலோ 6 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ள பிள்ளைக்குக் கட்டும் பணத்துக்கு 3,000 ரிங்கிட் வரை வருமான வரியில் கழிவு உண்டு. ரசீதை வைத்திருங்கள். பின்வரிசை அக்காவுக்குக் கொடுக்கிற காசுக்கு அந்தக் கழிவு கிடையாது. ஆனால் அவர் வீட்டு ரசத்துக்கு எந்தத் தாஸ்காவும் ஈடாகாது, அது வேறு கணக்கு.

அப்புறம், ஆபிசுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. வாராந்திர வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைத்த அதே திருத்தம்தான். வேலை செய்யும் நேரம், நாள், இடம் ஆகியவற்றை மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். சரி என்றுதான் சொல்ல வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் பலர் வாட்சாப்பில் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமா" என்று கெஞ்சுவதோடு நின்றுவிடுகிறார்கள். நீங்கள் கெஞ்ச வேண்டாம். "காலை 5.30 முதல் 7 வரை விண்ணப்பங்களைப் பார்ப்பேன். 9 முதல் 12.30 வரை மீட்டிங்குக்கும் தொலைபேசிக்கும் கிடைப்பேன். 12.30 முதல் 2.30 வரை இருக்கமாட்டேன். பிறகு 6 வரை இருப்பேன்" என்று மணியைப் போட்டு எழுதுங்கள். கூட்டிப் பாருங்கள், ஒரு நாளைக்கு எட்டரை மணி நேரம். ஐந்து நாளும் செய்தால் 42.5. இரவு 12 மணி தானாக ஒழிந்துவிடும்.

விடியற்காலையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் மாலை 4 மணிக்கு இடி இடித்தால் மோடம் பிளக்கைப் பிடுங்கி வைக்கிறோம். நான் பிடுங்காமல் விட்டு ஒரு மோடமைப் பலி கொடுத்திருக்கிறேன். கனமான வேலையை இடிக்கு முன்னால், பிள்ளைகள் எழுவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். பால் வெட்டும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

முட்டி வலிக்காரரை 3 வயதுப் பிள்ளையின் பின்னால் ஓடவிடாதீர்கள். பெரியவன் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக் கதை கேட்பது மாமியாரால் முடியும், அவருக்கும் பிடிக்கும். சமைத்ததைப் போட்டுக் கொடுப்பது உங்கள் கணவரால் முடியும். உங்கள் கடிதத்தில் அவருக்கு "ஷிப்ட்" என்று ஒரு சொல்லோடு விடுதலை கொடுத்துவிட்டீர்கள். இரவு ஷிப்ட் வாரத்தில் அவர் பகலில் தூங்கட்டும், சரி. மற்ற வாரங்களில்?

கேள்வி: எனக்கு 29 வயது. கணினி நிரல் எழுதும் வேலையை வீட்டிலிருந்து செய்கிறேன், ஒரு கைக்குழந்தை இருக்கிறது. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) எல்லாரும் "வேலை போச்சா தம்பி?" என்கிறார்கள். போன வாரம் கோயில் தலைவர் செக்யூரிட்டி வேலை பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். என்ன செய்வது?

பதில்: சம்பளம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், தெரிந்து வைத்துக்கொள்வது நல்லதுதானே! காலை 10 மணிக்குக் கைலியோடு ரொட்டி சானாய் கடைக்குப் போவதை மட்டும் நிறுத்துங்கள், பாதிப் பேச்சு அடங்கும். மீதிப் பேச்சு, நீங்கள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடப்பதால் வருவது. அந்த நடையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: மருமகள் ஒரு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வேலை செய்கிறாள். பேரன் கதவைத் தட்டி அழுகிறான். நான்தான் காலையிலிருந்து மாலை வரை தூக்கிக்கொண்டு அலைகிறேன். வீட்டில் ஆள் இருந்தும் நான் வேலைக்காரி ஆகிவிட்டேன். சொன்னால் சண்டை வரும். சொல்லவா, வேண்டாமா?

பதில்: சொல்லுங்கள் அம்மா. ஆனால் கதவைப் பற்றிச் சொல்லாதீர்கள், அது சாத்தியிருக்க வேண்டிய கதவு. மணியைக் கேளுங்கள். "நீ எத்தனை மணிக்கு வெளியே வருவாய், அதுவரை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கேட்டு, அவள் சொல்வதை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டச் சொல்லுங்கள். பேரனுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் கடிகாரத்தின் சின்ன முள் அந்த மணிக்கு வந்தால் அம்மா வருவாள் என்று அவனுக்குப் பழக்கிவிடலாம். என் பேத்தி இரண்டு வாரத்தில் பழகிவிட்டாள். இப்போது 12 மணிக்கு நான் ஒரு நிமிடம் தாமதித்தாலும் கதவடியில் விரலை நுழைக்கிறாள்.

இன்னொன்றும் கேளுங்கள். தோட்டத்து ஆயாவுக்குச் சம்பளமும் உண்டு, ஓய்வு நாளும் உண்டு. உங்களுக்கு? கையில் காசு வாங்கக் கூச்சமாக இருந்தால் வாரத்தில் ஒரு நாளைக் கேட்டு வாங்குங்கள். அன்று மகன் லீவு போடுவானோ, மருமகள் போடுவாளோ, அவர்கள் பாடு. நீங்கள் கைப்பையை எடுத்துக்கொண்டு காலையிலேயே பஸ் ஏறி ஈப்போவுக்குப் போய்விடுங்கள். கைப்பேசியை மறந்து வீட்டில் வைத்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது.