சிவப்புப் பலகையா, நீலப் பலகையா?

கேள்வி: பிராக் நகரின் நெரூதோவா தெருவில் 'இரண்டு சூரியன்' வீட்டின் முகவரி 233/47 என்று இருக்கிறது. தெருவோ சின்னது. 233 எங்கிருந்து வந்தது?

பதில்: இரண்டு எண்ணும் ஒரே வீட்டுக்குத்தான். சுவரில் சிவப்பாக ஒன்று, நீலமாக ஒன்று என இரண்டு பலகை இருக்கும். சிவப்பில் உள்ள 233, மாலா ஸ்த்ரானா பகுதி முழுவதற்குமான பதிவு எண். ஆஸ்திரிய அரசி மரியா தெரேசாவின் ஆட்சியில், 1770இல் தொடங்கிய முறை இது. அதைப் பிடித்துக்கொண்டு தெருவில் தேடினால் அலைச்சல்தான் மிச்சம். நீலத்தில் உள்ள 47 மட்டும் போதும். தெருவின் கீழ்முனையில் உள்ள சதுக்கத்திலிருந்து ஏறும்போது இடக்கைப் பக்கம் ஒற்றைப்படை, வலக்கைப் பக்கம் இரட்டைப்படை.

எண் வருவதற்கு முன்பு வாசலுக்கு மேலிருந்த சின்னம்தான் முகவரி. 12இல் மூன்று வயலின். வயலின் செய்தவர்கள் குடியிருந்த வீடு அது. 34இல் தங்க லாடம். அதற்காக எல்லாச் சின்னத்திலும் தொழிலைத் தேடாதீர்கள். 49இல் இருப்பது வெள்ளை அன்னம்! வாசலடியில் நின்று அண்ணாந்தால் பாதிதான் தெரியும், எதிர்ச்சாரிக்குப் போய்விடுங்கள். நீங்கள் கேட்ட 47இல் சின்ன வயதில் வாழ்ந்தவர் எழுத்தாளர் யான் நெரூதா. 1895 முதல் தெருவுக்கே அவர் பெயர்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏற்றம் முடியுமா?

பதில்: ஏறவே வேண்டாம். 22ஆம் எண் டிராமில் போஹோர்ஜெலெட்ஸ் வரை போய், ஊவோஸ் தெரு வழியாகக் கீழே இறங்குங்கள். அதுவே நெரூதோவாவில் வந்து சேரும். வழியெல்லாம் கல் பாவியது, மழையில் வழுக்கும். இறக்கமும் முழங்காலைப் பதம் பார்க்கும் என்பதால் கைத்தடி இருந்தால் நல்லது. காகித டிக்கெட்டை முதல் டிராமில் மஞ்சள் பெட்டியில் ஒரே ஒரு முறை முத்திரையிட வேண்டும். டிராமுக்குள்ளேயே கார்டு தட்டி வாங்கியதற்கு அது தேவையில்லை.

கேள்வி: மோர்சின் மாளிகைச் சிலைகள் படத்தில் கறுப்பாகவே விழுகின்றன. ஏன்?

பதில்: 5ஆம் எண் வீடு அது. ஒற்றைப்படைச் சாரியின் முகப்புகள் வடக்கு பார்த்தவை, பகலில் பெரும்பாலும் நிழல்தான். பளிச்சென்ற வானத்துக்கு ஏற்ப ஃபோன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்வதால் சிலை இருண்டுவிடுகிறது. திரையில் சிலையின் மேல் விரலை வைத்து அழுத்தி, வானம் வராதபடி எடுங்கள். மேகமூட்டமான நாள் இதற்கு இன்னும் தோது. மாடத்தைத் தாங்கி நிற்கும் அந்த இரண்டு மூர் (வட ஆப்பிரிக்கர்) உருவங்களும் சிற்பி ப்ரோகோஃப் செதுக்கியவை. மோர்சின் என்ற குடும்பப் பெயரை வைத்துச் செய்த சிலேடை அது. உள்ளே ருமேனியத் தூதரகம் என்பதால் தெருவிலிருந்தே பார்க்க வேண்டியதுதான்.