மெல்பர்ன் கொல்லையில் பொங்கல்: விறகு வேண்டாம்

ஆஸ்திரேலியாவின் மெல்பர்னுக்கு வந்தபின் இது முதல் ஜனவரி, கொல்லையில் மூன்று கல் வைத்து விறகில் பொங்கலிடலாமா, 40 டிகிரி என்கிறார்களே என்று கேட்டிருந்தீர்கள்.

விறகை மறந்துவிடுங்கள். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் ஜனவரி காட்டுத்தீக் காலம். 'டோட்டல் ஃபயர் பேன்' (முழுத் தீத்தடை) அறிவித்த நாளில் வெளியே விறகோ கரியோ பற்றவைக்கக் கூடாது. வீட்டுக் கொல்லைக்கும் அதே சட்டம்தான். அரசின் அவசர எச்சரிக்கைச் செயலியான விக்எமர்ஜென்சியில் முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். தடையில்லாத நாளிலும் பல கவுன்சில்கள் (உள்ளாட்சிகள்) கொல்லையில் நெருப்பு மூட்ட விடுவதில்லை.

கேஸ் பார்பிக்யூ அடுப்புக்குத் தடை நாளிலும் அனுமதி உண்டு. சுற்றி 3 மீட்டருக்குக் காய்ந்த புல், சருகு கூடாது. தண்ணீர்க் குழாயோ 10 லிட்டர் தண்ணீரோ தயாராக இருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். (பானை பொங்கும் நேரத்தில் யார் நகரப் போகிறார்கள்!) ஆனால் பால் பர்னரில் வழிந்தால் தீ அணைந்து கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். நுரை விளிம்பைத் தொட்டதும் தீயைக் குறைத்துவிடுங்கள். காற்றடித்தால் பேசாமல் சமையலறையிலேயே வைத்துவிடுங்கள், சூரியன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நேரம்? விடிகாலைதான். ஆறு மணியை ஒட்டி உதயம், அப்போது வெயில் உறைக்காது. அப்புறம், இங்கே நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். விருந்தினருக்கு நாற்காலியை வீட்டின் தென்புறம் போடுங்கள், நிழல் அங்கேதான். பிள்ளைகளுக்குத் தொப்பியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம்.

கரும்பு, மஞ்சள் கொத்தைக் கொண்டுவரும்படி ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லாதீர்கள், விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள்.