பூரிக்குள் யார் ஊதியது?

கேள்வி: நான் சேலம் அம்மாபேட்டையில் வளர்ந்தவன். என் தந்தை தறி நெய்தார். கோடை விழாவின்போது ஆண்டுக்கு ஒருமுறை எங்களை ஏற்காட்டுக்கு அழைத்துச் செல்வார்; திரும்பும்போது பழைய பேருந்து நிலையத்தருகே ஓர் ஓட்டலில் சோளா பூரி வாங்கித் தருவார். அண்மையில் என் எட்டு வயது மகளை அங்கே அழைத்துச் சென்று, இந்தக் கதையை முழுவதும் சொல்லிவிட்டு உண்டேன். பழைய சுவை இல்லை. “இதுக்குள்ள யாருப்பா ஊதுனது?” என்று மகள் வியந்தாள். குறை ஓட்டலிலா, என்னிடமா?

பதில்: எண்ணெயோ மாவின் பக்குவமோ மாறியிருக்கலாம், ஆனால் உங்கள் கடிதத்திலேயே வேறொரு காரணம் இருக்கிறது. கதை முடிந்த பிறகுதான் பூரியில் கை வைத்திருக்கிறீர்கள். அதற்குள் அது அமுங்கி ஆறியிருக்கும். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வாசனைதான். அந்த வாசனையைச் சுமந்து வருவது சூடு. பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தலாமஸ் என்னும் பகுதியைக் கடந்தே உள்ளே போகின்றன. வாசனையோ நினைவையும் உணர்ச்சியையும் ஆளும் பகுதிகளை நேராகச் சென்று தொடுகிறது. அன்று மோவாய் மேசை விளிம்பில் இடிக்க, உங்கள் முகத்தைவிடப் பெரிய பூரி எதிரே வந்து அமர, அப்பா விரலால் ஒரு குத்துக் குத்தியதும் குபீரென்று முகத்தில் அடித்த ஆவியைத்தான் இத்தனை ஆண்டுகளாகச் சுவை என்று நினைத்திருக்கிறீர்கள் என்பது என் எண்ணம்.

பசியையும் மறந்துவிடாதீர்கள். மலைக்குளிரில் நாளெல்லாம் சுற்றி, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி இறங்கிய வயிறு அது. எனக்கும் இப்படி ஒரு தட்டு உண்டு: ஏற்காட்டு ஏரிக்கரைக் கடையில் என் அம்மாவுடன் உண்ட இட்லி. சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள அங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் இட்லி வேகச் சற்றுக் கூடுதல் நேரமாகும். அந்தக் காத்திருப்பில், அடுப்பின் ஆவி எது, வாசலில் நுழையும் பனிமூட்டம் எது என்று பிரித்தறிய முடியாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். இட்லியின் ருசி நினைவில்லை. அந்த வெண்மை இன்னும் கண்ணில் நிற்கிறது.

உங்கள் மகளின் கேள்விக்கும் விடை சொல்லிவிடுங்கள். ஊதியது மாவிலிருந்த தண்ணீர்தான். கொதிக்கும் எண்ணெயில் விழுந்ததும் அது ஆவியாகிறது. தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும், வெளியேற வழியில்லாமல் மேலேட்டைத் தூக்கிவிடும். ஆனால் இதை ஓட்டலில் சொல்ல வேண்டாம், வீட்டுக்கு வந்து சொல்லுங்கள். அங்கே பூரி வந்த கணமே, அது ஆறுவதற்குள், அவளே விரலால் குத்தட்டும். உங்கள் பூரியை நீங்கள் குத்துங்கள்.