வீட்டைப் பார்க்கும் முன் ரயிலைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: சென்னை வாடகை கட்டுப்படியாகவில்லை, பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்குக் குடும்பத்தோடு போய்விடலாமா? திருவள்ளூரில் குடியிருந்துகொண்டு, பாரிமுனை அலுவலகம் ஒன்றுக்கு சீசன் டிக்கெட்டில் போய் வந்தே ஓய்வு பெற்றவள் நான். அதனால் ஆசிரியர் எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டார். நான் வக்கீல் இல்லை, ரியல் எஸ்டேட்காரியும் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கொளத்தூரில் வாடகைக்கு இருக்கிறோம். கணவருக்கு எழும்பூரில் வேலை. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு. மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் யு.கே.ஜி. மாமியார் எங்களோடு இருக்கிறார். இங்கே கொடுக்கும் வாடகையில் பாதிக்குத் திருவள்ளூரில் தனி வீடு, முன்னால் வாசல், பின்னால் தென்னை மரத்தோடு கிடைக்கிறது. ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷம் என்கிறார் தரகர். போகலாமா?
– வாசகி, கொளத்தூர்

தென்னை மரத்தை முதலில் மறந்துவிடுங்கள். அது எங்கேயும் போகாது.

பத்து நிமிஷம் என்றால் எதில் பத்து நிமிஷம்? மத்தியானம் தரகரின் பைக்கில் உட்கார்ந்து போனால் எங்கள் ஊரில் எந்த இடமும் பத்து நிமிஷம்தான். நீங்கள் கணக்குப் போட வேண்டியது ராத்திரி எட்டரைக்கு, ஐப்பசி மழையில், ஷேர் ஆட்டோ நிரம்புகிற வரை காத்திருந்து போய்ச் சேரும் நேரத்தை. சென்னைக்குத் தூரம் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அந்தத் தூரத்தை ரயில் பார்த்துக்கொள்ளும். ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடுவில் கிடக்கிற இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான் ஆளைத் தின்னும். நடந்து போகிற தூரத்தில் வீடு கிடைத்தால் வாடகை கொஞ்சம் கூடினாலும் எடுங்கள்.

இப்போது ரயிலுக்கு வருவோம். சென்ட்ரலுக்கும் திருவள்ளூருக்கும் சுமார் 42 கிலோமீட்டர். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற லோக்கல் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் எடுக்கும், ஃபாஸ்ட் லோக்கல் கிடைத்தால் கொஞ்சம் மிச்சம். இதற்கு மேல் பேசின் பிரிட்ஜ் என்று ஒன்று இருக்கிறது. சென்ட்ரல் கண்ணுக்குத் தெரியும், வண்டி மட்டும் சிக்னலுக்காக நின்றுகொண்டே இருக்கும். அவசரக்காரர்கள் தண்டவாளத்தில் குதித்து நடந்துவிடுவார்கள். உங்கள் கணவரிடம் அந்தப் பழக்கம் வேண்டாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள். சென்ட்ரலில் இறங்கினால் எழும்பூர் மெட்ரோவில் அடுத்த நிறுத்தம்தான்.

காலையில் திருவள்ளூரிலேயே புறப்படுகிற வண்டியைப் பிடித்தால் உட்கார இடம் உண்டு. அரக்கோணத்திலிருந்தோ திருத்தணியிலிருந்தோ வருகிற வண்டி எங்கள் ஊருக்குள் நுழையும்போதே நிரம்பியிருக்கும். எனவே கால அட்டவணையில் நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள், எங்கே கிளம்புகிற வண்டி என்று பாருங்கள். சாயங்காலம் உங்கள் இருவருக்கும் ஒரே நிலைமை இல்லை. கணவர் சென்ட்ரலில் ஏறுவதால் கொஞ்சம் முன்னால் போனால் இடம் பிடித்துவிடுவார். நீங்கள் அம்பத்தூரில் ஏறுகிறவர். ஆவடியில் கூட்டம் இறங்குகிற வரை நின்றுதான் ஆக வேண்டும், சில நாள் திருநின்றவூர் வரைகூட. பயணம் உங்களுக்குக் குறைந்த தூரம்தான், ஆனால் நிற்பது நீங்கள்.

பெண்கள் பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏறினதும் காலியாக இருக்கிற இடத்தில் உட்கார்ந்தீர்கள் என்றால், அடுத்த ஸ்டேஷனில் ஏறுகிற நாலு பேர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அது அவர்கள் 'செட்'டின் இடம். டிக்கெட்டில் நம்பர் கிடையாது, சட்டமும் கிடையாது, ஆனாலும் இடம் அவர்களுடையது. சண்டை போடாதீர்கள். ஒரு வாரம் தொடர்ந்து அதே வண்டியில், அதே பெட்டியில் ஏறுங்கள். அப்புறம் அவர்களே "இங்க வாங்க" என்று நகர்ந்து உட்காருவார்கள். முருங்கைக்கீரை ஆய்வதும், அவரைக்காய்க்கு நார் எடுப்பதும், சீட்டுப் பணம் வசூலிப்பதும், மாப்பிள்ளை விசாரிப்பதும் வேப்பம்பட்டுக்கும் வில்லிவாக்கத்துக்கும் இடையில் நடந்து முடிந்துவிடும். நான் இரவுச் சமையலுக்குப் பாதி வேலையை ரயிலிலேயே முடித்திருக்கிறேன்.

ஒத்திகை பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வந்து, கோயிலில் கும்பிட்டு, ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுப் போவதற்குப் பெயர் ஒத்திகை இல்லை. ஞாயிறு ராத்திரி யார் வீட்டிலாவது, இல்லாவிட்டால் ஒரு லாட்ஜிலாவது தங்கி, திங்கட்கிழமை காலை இருவரும் இங்கிருந்தே வேலைக்குப் போய், சாயங்காலம் இங்கேயே திரும்பி வாருங்கள். முடிந்தால் அமாவாசையன்றும் ஒரு தடவை வாருங்கள். வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க எங்கெங்கிருந்தோ ஜனம் வரும். நீங்கள் பார்த்த வீடு கோயில் பக்கமாக இருந்தால் அன்றைக்கு ஸ்கூட்டரை வெளியே எடுக்க முடியாது.

சரி, பிள்ளைகள். மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிற நேரம் என்பது நல்ல காலம். எப்படியும் பல பேர் பள்ளி மாறுகிற வகுப்பு அது, புதுசாக வந்தவள் என்ற உறுத்தல் இருக்காது. அரசுப் பள்ளியில் சேர்க்கலாமா என்று யோசனை இருந்தால் அதை இப்போதே முடிவு செய்யுங்கள். எட்டாவதில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். மருத்துவப் படிப்பில் 2020-லிருந்து கிடைக்கிற 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்குப் பார்க்கிறது. சென்னை மாநகராட்சிப் பள்ளியில் படித்தாலும் இதெல்லாம் உண்டு, திருவள்ளூருக்கு வந்தால்தான் என்றில்லை. ஆறாம் வகுப்பு என்கிற வாசல் ஒரு தடவைதான் திறக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய இடம். வாசலுக்கும் தென்னை மரத்துக்கும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மாமியாருக்கு "எங்களோடு இருக்கிறார்" என்பதோடு சரி. நீங்கள் இருவரும் காலை ஏழுக்குக் கிளம்பி ராத்திரி எட்டுக்கு வந்தால், யு.கே.ஜி. பையனை வேனிலிருந்து இறக்கி, சோறு போட்டு, மகளை டியூஷனுக்கு அனுப்பி, கரண்ட் போனால் ஆள் கூப்பிட்டு, எல்லாம் செய்யப் போகிறவர் அவர்தான். கொளத்தூரில் அவருக்கு ஒரு டாக்டர், ஒரு கோயில், வாசலில் உட்கார்ந்து பேச நாலு பேர், கடனுக்குக் கீரை கொடுக்கிற அம்மா என்று ஒரு ஏற்பாடு இருக்கும். அதை விட்டுவிட்டு வருகிறவர் அவர். அவரிடம் கேட்டுவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். அவர் சரி என்றால், பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாருங்கள். வாடகை பாதியாகிறது என்று மொத்தத்தையும் லாபத்தில் எழுதாதீர்கள். சீசன் டிக்கெட் மலிவுதான். ஸ்டேஷன் வண்டி ஸ்டாண்டு, ஆட்டோ, பள்ளி வேன் என்று சில்லறை சில்லறையாகப் போவதுதான் தெரியாது.

வேப்பம்பட்டு பக்கம் ஒரு மனை பார்த்திருக்கிறோம். 'அப்ரூவ்டு' என்கிறார்கள். அட்வான்ஸ் கொடுக்கலாமா?
– வாசகர், பெரம்பூர்

யார் அப்ரூவ் செய்தது என்று கேளுங்கள். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடத்தைக் காட்டி அப்ரூவ்டு என்று விற்ற காலம் ஒன்று இருந்தது. சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) கொடுத்த எண் வேண்டும். லே-அவுட் பெரியதென்றால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் வேண்டும், அதை இணையதளத்தில் நீங்களே தட்டிப் பார்க்கலாம். அங்கீகாரம் இல்லாத மனையை, 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் ஒரு தடவை பத்திரமானது, அப்படிப்பட்டதை அரசு வரன்முறைப்படுத்தித் தரும் என்று சொல்லித் தள்ளிவிடப் பார்ப்பார்கள். வரன்முறைப்படுத்திய உத்தரவைக் கையில் வாங்கிப் பார்க்காமல் நம்பாதீர்கள். வில்லங்கச் சான்று முப்பது வருஷத்துக்குப் போடுங்கள். பட்டாவோடு விட்டுவிடாமல், கிராம நில விவரம் இருக்கிற 'அ' பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாடும் பாருங்கள். ஏரிக்குப் பக்கத்து நன்செய் என்றால் மழைக்காலத்தில் தண்ணீர் தன் பழைய இடத்துக்கு வரும்.

செலவுக் கணக்கில் பத்திரப்பதிவை விட்டுவிடாதீர்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2025 ஏப்ரலிலிருந்து, 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும். மனைவி பெயரில் வாங்க இதுவரை காரணம் தேடிக்கொண்டிருந்தால் இந்தாருங்கள், ஒன்று.

ஆனால் என்னைக் கேட்டால், அந்தப் பக்கம் ஒரு மழைக்காலம் வாடகைக்கு இருந்து பார்க்காமல் மனை வாங்காதீர்கள். போர் தண்ணீர் உப்பா என்று பார்க்க லேப் வேண்டாம். பக்கத்து வீட்டுக் குளியலறைக்குப் போய் வாளியையும் குழாய் மூக்கையும் பாருங்கள். வெள்ளையாக ஏடு படிந்திருந்தால், சோப்பு நுரைக்கவில்லை என்றால், குடிக்க ஆயுளுக்கும் கேன் தண்ணீர்தான்.

வீடு பார்க்கப் போன இடத்தில் எல்லாம் "என்ன ஆளுங்க நீங்க?" என்று கேட்கிறார்கள். நாங்கள் அசைவம் சாப்பிடுவோம், அதை மறைக்கவில்லை. ஆனால் கேள்வி அதைப் பற்றியது இல்லை என்று புரிகிறது. சின்ன ஊர் என்றால் இப்படித்தானா?
– வாசகி, ஊர் பெயர் வேண்டாம்

சென்னையிலும் கேட்கிறார்கள். இங்கே கேட்கிற விதம் வேறு, அவ்வளவுதான். நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர் "சொந்த ஊர் எது?" என்பார். சொன்னதும் "அங்க எந்தத் தெரு?" என்பார். அப்புறம் குலதெய்வம் எது என்று வரும். மூன்று கேள்வியில் வேலை முடிந்துவிடும், கையில் இருக்கும் காபியும் முடிந்திருக்கும்.

மறைத்துக் குடிபோகாதீர்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் மேல் தப்பு என்பதால் இல்லை. மாடியில் வீட்டுக்காரர், கீழே நீங்கள் என்று இருந்துகொண்டு ஒவ்வொரு விருந்தாளி வரும்போதும் பயந்துகொண்டிருப்பது குடித்தனம் ஆகாது, பிள்ளைகளும் அதைக் கற்றுக்கொள்வார்கள். வீட்டுக்காரர் வேறு இடத்தில் இருக்கிற தனி வீடு, அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வந்து போகிற குடியிருப்பு, புதிய அடுக்குமாடி என்று தேடுங்கள். மாற்றலாகி வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பழகினவர்கள் இந்தக் கேள்வியைக் குறைவாகக் கேட்கிறார்கள். தரகரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் நாலு வாசலில் நின்று பதில் சொல்கிற வேலை மிச்சம். கோபம் வருவது நியாயம்தான். எனக்கும் வருகிறது.

அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். சின்ன ஊருக்குப் போனால் சமாளிக்க முடியுமா?
– வாசகர், வியாசர்பாடி

திருவள்ளூர் இப்போது மாவட்டத் தலைநகரம் மட்டுமில்லை, 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அதனால் முன்பு போல எதற்கெடுத்தாலும் சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ஜி.எச்.சுக்கு ஓட வேண்டியதில்லை. என்றாலும் டயாலிசிஸ் விஷயத்தில் பொதுவாகச் சொல்வதை நம்ப வேண்டாம். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று அப்பா பெயருக்கு மருத்துவமனை இடம் ஒதுக்கிக் கொடுக்கட்டும், அதன் பிறகு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் அங்கே செல்லுமா என்பதையும் அதே நாளில் கேட்டுவிடுங்கள்.

சின்ன ஊரில் அமைதியாக இருக்கலாம் என்று ஆசை. நடக்குமா?
– வாசகர், தியாகராய நகர்

ஆடி மாதம் கூழ் வார்க்கிற வாரத்தில் வாருங்கள். விடியற்காலையில் கூம்பு ஸ்பீக்கர் கட்டி அம்மன் பாட்டுப் போடுவார்கள். ரங்கநாதன் தெருவே தேவலை என்று திரும்பிவிடுவீர்கள்.

எந்த மாதம் வீடு மாறுவது? ஆனி, ஆடி, புரட்டாசி, மார்கழி எதுவும் கூடாது என்கிறார் அம்மா.
– வாசகி, அயனாவரம்

அம்மா சொல்கிற மாதங்களைக் கழித்தாலும் சித்திரை, வைகாசி மிஞ்சுகிறது. பள்ளி விடுமுறையும் அப்போதுதான், எனவே அம்மாவுக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை. பரீட்சை முடிந்ததும் டி.சி. கேட்டு எழுதிக் கொடுங்கள். ஏப்ரல் கடைசியில் பள்ளி அலுவலகம் பூட்டிவிட்டால் ஜூன் வரை ஆள் கிடைக்க மாட்டார்கள். ஆனால் வீடு தேடுகிற வேலையை ஆடியில் செய்து பாருங்கள். யாரும் குடிபோகாத மாதம் என்பதால் காலியாக இருக்கிற வீட்டுக்காரர் அட்வான்ஸில் இறங்கி வருவார். ஆடி முடிவதற்குள் பேசி முடித்து, ஆவணியில் பால் காய்ச்சிவிட்டுச் சாமானை அப்புறம் ஏற்றுகிறவர்களும் உண்டு. பள்ளிக்குப் போகிற பிள்ளை இல்லாதவர்களுக்கு அது சௌகரியம். கேஸ் இணைப்பு, ரேஷன் கார்டு முகவரி இரண்டையும் வந்த முதல் வாரத்திலேயே மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால், பொங்கல் பரிசு வாங்கப் பழைய கடையில் போய் வரிசையில் நிற்க வேண்டி வரும்.