ரெனார்: நரி பெற்ற பெயர்

அன்புள்ள ஐயா,

நான் இயந்திரப் பொறியாளன். அளவுகளை முடிவுசெய்ய ரெனார் எண்கள் என்ற எண்வரிசையைப் பயன்படுத்துகிறோம். இப்போது பிரெஞ்சு கற்கிறேன். அகராதியில் ரெனார் என்றால் நரி. ஜூல் ரெனார் என்று ஓர் எழுத்தாளரும் உண்டு. விலங்கின் பெயர் மனிதர்களுக்கு எப்படி வந்தது?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

நடந்தது நேர்மாறு. மனிதப் பெயர்தான் விலங்குக்குப் போனது. ரெகின்ஹார்ட் என்ற ஜெர்மானிய ஆண்பெயரின் பிரெஞ்சு வடிவம் ரெனார். அன்று நரிக்கு வழங்கிய சொல் கூபில். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி, கவிஞர்கள் பலர் செய்யுளில் விலங்குக் கதைகள் எழுதினார்கள். அவற்றின் நாயகனான கூபிலின் பெயர் ரெனார். ஓநாய் இசாங்க்ரேன், அரசனான சிங்கம் நோபிள்.

எனக்கு மிகப் பிடித்தது கிணற்றுக் கதை. மடாலயக் கிணற்றில் ஒரே கயிற்றில் இரண்டு வாளிகள். ஒன்றில் ஏறி இறங்கிய ரெனார் அடியில் மாட்டிக்கொள்கிறான். எட்டிப் பார்க்கும் இசாங்க்ரேனிடம், தான் இறந்து சொர்க்கத்தில் சுகமாக இருப்பதாகச் சொல்கிறான். ஓநாய் மறு வாளியில் குதிக்கிறது. கனத்தில் அது இறங்க, ரெனார் மேலே வருகிறான். நடுவழியில் சந்திக்கும்போது, நான் சொர்க்கத்துக்கு, நீ நரகத்துக்கு என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

இந்தக் கதைகள் பரவப் பரவ, எல்லா நரியும் ரெனார் ஆகிவிட்டது. கூபில் பொதுவழக்கிலிருந்து மறைந்தது. இன்று அது பெரும்பாலும் குடும்பப்பெயர். ஓநாயும் சிங்கமும் தங்கள் பழைய பெயர்களை இழக்கவில்லை. பலசாலிகளை ஏய்த்துப் பிழைக்கும் எளியவனின் பக்கம் கேட்பவர்கள் நின்றார்கள், அதனால்தான் அவன் பெயர் மட்டும் நிலைத்தது என்றே நம்புகிறேன். தனியொரு பாத்திரத்தின் பெயர் ஓர் இனத்துக்கே பெயராவது இலக்கியத்துக்குக் கிடைத்த பெரும் வெற்றி.

ரெனார் என்ற குடும்பப்பெயர் சிலருக்கு அந்த ஆண்பெயரைத் தாங்கிய மூதாதை ஒருவரிடமிருந்து வந்தது. சிலருக்கு நரி என்ற பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது.

உங்கள் எண்களுக்குரியவர் பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் சார்ல் ரெனார். 1884இல் ஆர்தர் கிரெப்ஸுடன் லா ஃபிரான்ஸ் என்ற ஆகாயக் கப்பலைச் செலுத்தி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தவர். பலூன்களுக்கு 425 அளவுகளில் இருந்த கயிறுகளை 17ஆகக் குறைத்தார். 10, 16, 25, 40, 63, 100 என்று நீங்கள் புழங்கும் வரிசை அந்த வேலையிலிருந்து பிறந்தது.