மேடை விட்ட பிறகு என்ன செய்வாள்?

மகள் கன்டெம்பரரி (சமகால) நடனம்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள், 35 வயதில் முழங்கால் மக்கர் பண்ணினால் அவள் கதி என்ன என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. இந்தப் பயம் நியாயமானது. ஆனால் அது ஆடுபவரைப் பற்றிய பயம். உங்கள் மகள் ஆகவேண்டும் என்று சொல்வது நடனம் அமைப்பவராக, கற்றுக்கொடுப்பவராக. அந்த வேலைக்கு ஆயுள் அதிகம். அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் 2009இல் தன் 90ஆவது பிறந்தநாளன்று புதிய படைப்பை மேடையேற்றினார். நவீன நடன முன்னோடி மார்த்தா கிரஹாம் 1990இல், 96 வயதில், புதிய நடனம் அமைத்தார்.

17 வயதாகிவிட்டதே, தாமதமில்லையா என்றும் கேட்டீர்கள். கிரஹாம் முறையான பயிற்சியில் சேர்ந்தபோது அவருக்கு 22 வயது.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. கற்பித்தலைப் பலரும் 'மேடை கிடைக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம்' என்று கடைசியில் வைக்கிறார்கள். அது தவறு. ஒரு வகுப்பில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நின்ற நிலையிலிருந்து தரையில் சரியும் அசைவு. ஒரு மாணவனின் உள்ளங்கை ஒவ்வொரு முறையும் தரையில் 'பட்' என்று அடித்தது. ஆசிரியர் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மூச்சைப் பிடிச்சுக்கிட்டு விழறே. விட்டுக்கிட்டே இறங்கு" என்றார். அடுத்த முறை தொடையின் வெளிப்பக்கம், இடுப்பு, தோள் என்று வரிசையாகத் தரையைத் தொட்டன, சத்தமே இல்லை. இந்தக் கண்தான் நடனம் அமைக்கவும் வேண்டும். அது கற்றுக்கொடுத்துக் கொடுத்துத்தான் வரும்.

ஆகவே கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் ஆண்டுவிழா வீடியோவையும் பார்க்காதீர்கள். உடற்கூறியல் பாடம் உண்டா, மாணவர்கள் சொந்தமாக நடனம் அமைத்து மேடையேற்ற வாய்ப்பு உண்டா, உண்மையான வகுப்பில் கற்பிக்கும் பயிற்சி எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

வருமானத்தை மறைக்க மாட்டேன். முதல் சில ஆண்டுகள் ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கும். நடனம் அமைக்கும் வாய்ப்பு வந்தால் வரும், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் வராது. மாதச் செலவைத் தாங்குவது வகுப்புகள்தான். எத்தனை காட்சிகள், பிறகு யார் மேடையேற்றலாம், வீடியோவை யார் வெளியிடலாம் என்பதையெல்லாம் வேலைக்கு முன்பே எழுத்தில் வாங்கும் பழக்கம் அவளுக்கு வரட்டும். முதல் படைப்பிலிருந்தே முழுதாகப் பதிவு செய்து வைக்கச் சொல்லுங்கள். அசைவுகளை எழுத்தில் குறிக்கும் முறையை ருடால்ஃப் லாபான் என்ற நடன ஆசிரியர் 1928லேயே வெளியிட்டார். ஆனால் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம்பேர், அதனால் வீடியோவாகவும் பதிவு செய்யட்டும். பல நாடுகளில் பதிப்புரிமை (காப்பிரைட்) கோரவும் படைப்பு ஏதோ ஒரு வடிவில் பதிவாகியிருக்க வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். மூன்று பேரை வைத்து இரண்டு நிமிட நடனம் ஒன்றை அமைக்கச் சொல்லுங்கள். அவள் ஆடக்கூடாது, வெளியே உட்கார்ந்து பார்க்க வேண்டும். 'நானே ஆடிக் காட்டறேன்' என்று நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துவிடுகிறாளா, இல்லை அந்த மூவரில் சிரமப்படும் ஒருத்திக்காக அசைவையே மாற்றுகிறாளா என்று கவனியுங்கள். பார்த்ததை எனக்கு எழுதுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.